சுண்டுவிரல்

"கத்தரிக்கோலக் கீழ வைம்மா. அது என் சட்ட."

க்வெதுஷா வைக்கவில்லை. மகள் ஜித்காவின் பழுப்புச் சட்டையைச் சமையலறை மேசைமேல் பரப்பி, அதன் மார்பிலிருந்த லில்லிப்பூச் சின்னத்தின் தையலை ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டிருந்தாள். சன்னலுக்கு வெளியே, எங்கள் நாட்டுக்குள் புகுந்து தங்கிவிட்ட ரஷ்யப் படையின் லாரிகள் போயின. அலமாரியில் கோப்பைகள் நடுங்கின. இரண்டு வருடங்களுக்கு மேலாக நடுங்குவதால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சாரணர் சங்கத்தத் தடை பண்ணி மாசக்கணக்காச்சு. இன்னும் சட்டைக்கு அழுவுறியா? நாளைக்கு மேடையேறு, அந்தக் காகிதத்தப் படி, செவப்புத் துணியக் கழுத்துல கட்டிக்கிட்டு வந்துடு. நாலு வரிதானடி!"

நாலு வரிதான். 'சாரணர் இயக்கம் மக்களின் பகை. அதில் இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்' என்று தொடங்கும். தலைமையாசிரியர் ஹவெல்கா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளி முழுவதும் கேட்க அதைப் படித்து, கட்சியின் சிறுவர் அமைப்பான இளம் முன்னோடிகளில் சேர்ந்தால், மேல்நிலைப் பள்ளிக்கு ஜித்காவைப் பரிந்துரைப்பார். படிக்காவிட்டால், வகுப்பின் முதல் மாணவி பதினைந்து வயதில் கோழிப் பண்ணைக்குப் போகவேண்டியதுதான். அவளுக்கோ டாக்டராக ஆசை.

மற்றவர்களிடம் கேட்காததை அவளிடம் மட்டும் ஏன் கேட்டார்கள்? அவள் ஓல்ட்ரிஹின் மகள். ரயில் நிலைய அதிகாரியாக இருந்த ஓல்ட்ரிஹ், 'அந்நியப் படை நமக்கு உதவத்தான் வந்தது' என்ற தாளில் கையெழுத்துப் போடவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளுகிறார். அப்பன் கையெழுத்துப் போடாவிட்டால் பிள்ளைக்குப் படிப்பில்லை என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எங்கள் ஊரில் எல்லோரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். வெட்கக்கேடு!

"நீங்களாவது வாயத் தொறங்களேன்" என்று க்வெதுஷா கணவன் பக்கம் திரும்பினாள். "உங்க மானம் கரி அள்ளுது. அவ கோழி எறகு பிடுங்கணுமா?"

ஓல்ட்ரிஹ் நகக்கண்ணில் ஏறிய கரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சின்னப் பையனா சாரணர்ல இருந்தப்ப ஜெர்மன்காரன் அதத் தடை பண்ணினான். அப்புறம் நம்மாளுங்களே பண்ணினாங்க. அப்பவும் இப்படித்தான் நாலு வரி எழுதிக் குடுத்தாங்க."

"நீங்க படிச்சீங்களாப்பா?" என்றாள் ஜித்கா.

"படிச்சேன். இருபத்தோரு வருஷம் ஆச்சு. இன்னும் மனப்பாடமா இருக்கு."

க்வெதுஷா கடைசி நூலை அறுத்தாள். சின்னம் தனியாகக் கழன்று மேசையில் விழுந்தது.

மறுநாள் காலை பள்ளி வாசலில் பழைய அணித்தோழிகள் இருவர் ஜித்காவுக்குக் கைகொடுத்தார்கள். எங்கள் சாரணர்கள் இடது கையைத்தான் கொடுப்பார்கள். அதிலும் சுண்டுவிரலை மட்டும் விலக்கி, எதிரே நிற்பவரின் சுண்டுவிரலோடு கோத்துக்கொள்வார்கள். சட்டையைப் பறித்தவர்களுக்கு இதைப் பறிக்க வழி தெரியவில்லை.

உடற்பயிற்சிக் கூடத்தில் முந்நூறு பேர் நின்றார்கள். மேடையில் ஹவெல்காவும் விருந்தாளியாக ஒரு ரஷ்ய லெப்டினன்டும் இருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் ஜித்கா ஏறினாள். காகிதத்தைப் பிரித்தாள், பிறகு நாலாக மடித்தாள்.

"இத என்னால படிக்க முடியாது, தோழர் தலைமையாசிரியர். நான் வெட்கப்படல. பொய் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

மொழி புரியாத லெப்டினன்ட் மட்டும் சிரித்த முகமாகக் கைதட்டினார். ஜித்கா காகிதத்தை வலது கையால் நீட்டிவிட்டு, விடைபெறுகிறவளாக இடது கையையும் நீட்டினாள். வேண்டுமென்றேதான்.

இந்தப் பெண்ணை எப்படியாவது இறக்கி அனுப்பிவிடும் அவசரத்தில் ஹவெல்காவும் கையை நீட்டினார். இடது கை. அவளுடைய விரல்களைத் தொட்டதும் அவர் சுண்டுவிரல் தானாக விலகி அவள் சுண்டுவிரலைக் கோத்து இறுக்கியது.

ஜித்கா நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கையைப் பிடுங்கிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, "அடுத்தது!" என்று கத்தினார்.

இரண்டு வாரத்தில் அறிக்கை வீட்டுக்கு வந்தது. 'குடும்பச் சூழல் சரியில்லை. சமூக உணர்வு போதாது. மேற்படிப்புக்குப் பரிந்துரைக்கவில்லை. ஹவெல்கா.'

"அந்தாளும் உங்க ஆளுன்னியேடீ!" க்வெதுஷா தாளை மேசையில் அறைந்தாள். "வெரலக் கோத்தவன் எப்படி இத எழுதுவான்?"

"கோத்தது எடது கை. எழுதினது வலது கை" என்றார் ஓல்ட்ரிஹ்.

"அவருக்குப் பயம்மா" என்றாள் ஜித்கா. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "அவரும் எங்கேயோ நாலு வரி படிச்சிருப்பாரு. நான் கோழிப் பண்ணைக்குப் போறேன். அங்கிருந்தே ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பம் போடறேன். எத்தன தடவ இல்லன்னு எழுதுவாங்கன்னு பாக்கலாம்."

க்வெதுஷா அறிக்கையை மடித்து ஓரமாக வைத்தாள். பிறகு எழுந்துபோய்ப் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்தாள். பொத்தான்களுக்கு அடியில் லில்லிப்பூச் சின்னம் பத்திரமாக இருந்தது.

"பண்ணைக்குப் போட்டுட்டுப் போற கோட்ட எடுத்துட்டு வா" என்றாள். கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பி, நெஞ்சுக்கு நேராகச் சின்னத்தை வைத்து அழுத்தினாள்.

"மெதுவாம்மா, ஊசி குத்திடும்."

"குத்தட்டும். இந்தத் தடவ ரெட்ட நூல் போடறேன். எவன் வந்து பிரிக்கிறான்னு பாப்போம்."