டிரம்மில் கிடந்த துணி

முப்பது பேருக்கு நாள் முழுக்கப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. செருப்பைக் கழற்றும்போதே புளித்த வாடை அடித்தது. காலையில் அவள் வாஷிங் மெஷினில் போட்டு, காயப் போடும்படி கணவனிடம் சொல்லிவிட்டுப் போன துணி அப்படியே டிரம்மில் கிடந்தது.

அவன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் வேலை பார்க்கும் கிடங்கை மூடப்போகிறார்கள். நாளைய புரோகிராமிங் தேர்வில் தேறினால் இந்த ஊரிலேயே கணினிப் பிரிவில் வேலை. தேறாவிட்டால் ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில் வேறு கிளை. கல்யாணமானதிலிருந்து ஒரு வாரம்கூடப் பிரிந்திராதவர்கள்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு சந்தேகம்."

"உங்க ஒண்ணு எப்பவும் ஒன்பது குட்டி போடும். கேளுங்க."

"லிஸ்ட் எதுவும் கொடுக்கலைன்னா காலி லிஸ்ட்டை எடுத்துக்கோன்னு ஃபங்ஷனோட தலைப்பு வரியில எழுதியிருக்கேன். முதல் தடவை ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஆணியைப் போட்டேன், ஆணி வந்துச்சு. ரெண்டாம் தடவை சுத்தியலைப் போட்டா, பழைய ஆணியும் சேர்ந்து வருது. இது என்ன அநியாயம்?"

காலையிலிருந்து அவள் தொண்டையைத் தின்ற பாடமே இதுதான். வகுப்பில் பாதிப் பேர் புரியாமலே தலையாட்டியிருந்தார்கள்.

"அந்தக் காலி லிஸ்ட் ஒரே தடவைதான் உண்டாகும். கூப்பிடுறப்பல்லாம் புதுசு தராது."

"ஏன் தராது? காலின்னுதானே எழுதியிருக்கேன்?"

அவள் பொறுமை அதோடு தீர்ந்தது.

"துணியைக் காயப் போடுங்கன்னாலும் ஏன்னு கேப்பீங்க! போன வாரம் அடுப்பை அணைக்காம வெளிய போனீங்க. உங்க தங்கச்சி கல்யாணத்துக்குப் போறப்ப என்னை ஸ்டேஷன்லயே மறந்துட்டுப் போனீங்க!"

அவன் கோபப்படவில்லை. திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னைக்கு லிஸ்ட்ல நான் போட்ட தப்பு துணி மட்டும்தான். ஆனா தங்கச்சி கல்யாணமும் சேர்ந்து வருது. அப்போ, உள்ள இருக்கிறது அதே பழைய லிஸ்ட். யாரும் காலி பண்ணலை!"

அவள் முறைத்தாள். பிறகு அடக்க முடியாமல், கட்டிய தொண்டையோடு சிரித்தாள்.

"சரி, எப்படித் திருத்துவீங்க?"

"லிஸ்ட்டைத் தலைப்பு வரியில இல்லாம, ஃபங்ஷனுக்கு உள்ள உண்டாக்கணும். அப்போ கூப்பிடுறப்பல்லாம் புதுசு." தட்டிப் பார்த்தான். சுத்தியல் மட்டும் வந்தது. "நாளைக்குத் தேறிடுவேனா?"

"தெரியலை." பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை. "இதைக் கேட்டா எழுதிடுவீங்க."

அவன் எழுந்துபோய் மெஷினைத் திறந்தான். "நாத்தம் தாங்கலை. மறுபடி துவைக்கணும் போல."

பழையதெல்லாம் மறுபடி அவள் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"முதல்ல உள்ள இருக்கிறதை எடுங்க."

அவன் இழுத்தான். அவனுடைய சட்டைக் கை அவளுடைய புடவையில் முறுக்கிக்கொண்டு ஒரே உருண்டையாக வந்தது.

"பிரியவே மாட்டேங்குதே."

"இழுக்காதீங்க, கிழிஞ்சிடும்" என்று சொல்லி, அவள் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.