பதினோரு நிமிடம் முந்திய என்ஜின்

எவரெட் லிண்ட்க்விஸ்ட் தினமும் ஆறு மணிக்கு எழுந்தான், காப்பி போட்டான், ரொட்டியில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றான், ஆறு நாற்பதுக்கு கராஜில் 1951ஆம் வருடத்துக் காரின் சாவியைத் திருப்பினான். கார் கிளம்பாது. ஆனால் அதன் என்ஜின் ஓடும் சத்தம் ஆறு இருபத்தொன்பதுக்கே கேட்டுவிடும். மினசோட்டாவின் எல்க் பெண்ட் ஊரில் முதலில் யாரும் இதை நம்பவில்லை. விடிவதற்குள் எங்கோ போய்வருகிறான் என்றார்கள். புகார் போயிற்று. துணை ஷெரிஃப் டெல்மா வந்து, சத்தம் கேட்கும்போதே பானெட்டில் கை வைத்துப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. பின்னால் புகை வந்துகொண்டிருந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டு போனாள்.

மார்ச்சில் அவன் மனைவி நொரீன் மூளையில் ரத்தம் கசிந்து ஒரே நாளில் இறந்தாள். கார் நின்றதும் அந்த வாரம்தான். எவரெட் பள்ளியில் வேதியியல் ஆசிரியன், எதையும் வரிசையாகச் சோதிப்பவன். பாயின்ட் இடைவெளியை அளந்தான், ஒயர்களை மாற்றினான், பொறி விழும் நேரம் காட்டும் புல்லியின் டைமிங் குறியை முள்ளுக்கு நேராக நிறுத்தினான். எல்லாம் சரி. சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் நெருப்பைத் துப்பியது. பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கும் போல்ட்டில் மட்டும் புதுக் கீறல்கள் இருந்தன. அவன் அதைத் தொட்டதேயில்லை. பக்கத்து வீட்டு வெண்டெல், நாற்பது வயது டிராக்டர் மெக்கானிக், தனிக்கட்டை, அடக்கத்துக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. நொரீனும் வெண்டெலும் தனக்குத் தெரியாமல் தன் கராஜில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் ஏழு மாதமாக அவன் தேடிய கோளாறு. அக்டோபரில் ஒரு காலை, சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வேலியருகே போய்க் கேட்டான்.

"என் கராஜ்ல உங்களுக்கும் நொரீனுக்கும் என்ன வேலை?"

"அட, வாத்தியாருக்குப் பேசவும் வருமா? முறைக்க மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன்." வெண்டெல் காப்பிக் கோப்பையை வேலிக்கம்பத்தில் வைத்தார். "உன் பொறந்தநாளுக்கு அவளே டைமிங் வெச்சுக் காட்டணும்னு சொன்னா. ஸ்பேனர் கேட்டா, டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி எப்படி மாட்டணும்னு கேட்டா. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற. அவ போனப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இதைச் சொல்றது?"

எவரெட் நம்பவில்லை. வெண்டெல் உள்ளே வந்து முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் விரலை வைத்து, என்ஜினைக் கையால் சுற்றினார்.

"குறி நேராத்தான் நிக்குது. காத்து விரலைத் தள்ளலையே, வாத்தியாரே! பிஸ்டன் ரெண்டு தடவை மேல வரும். காத்தை அமுக்கிற தடவை ஒண்ணு, புகையைத் தள்ளுற தடவை ஒண்ணு. அவ புகைத் தடவையில மாட்டியிருக்கா. விரல் வெச்சுப் பாருடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரை வட்டம் திருப்பி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. கையைத் துடைத்தபடி, "கடைசில ஏதாவது சொன்னாளா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றான் எவரெட்.

மறுநாளும் ஆறு இருபத்தொன்பதுக்குச் சத்தம் வந்தது, ஆறு நாற்பதுக்கு மறுபடி வந்தது. அடுத்த பல வருடங்கள் அப்படித்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுநர் முதல் சத்தத்துக்குக் காலணி மாட்டவும் இரண்டாவதுக்குக் கிளம்பவும் பழகிக்கொண்டார். புகார் எதுவும் போகவில்லை.

அவள் சொல்லியிருந்தாள். ஆம்புலன்ஸின் கதவை மூடுமுன், அவன் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டுதான் அவன் ஏழு மாதம் உள்ளேயே வைத்திருந்தான்.

"வெண்டெல்கிட்ட சொல்லிடாத. அவர் சொன்னபடி நான் செய்யல."