தெற்குப் பாதியில் கல்தூள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் ஜன்னலில் கிடைத்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், ஆவணி வெயிலில், பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரத்துக் கரிசல் காடு ஒன்று பாதி கறுப்பாகவும் பாதி சாம்பல் நிறமாகவும் கிடந்தது. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். கண்டக்டரிடம் கேட்டேன்.

"கல்லைப் பொடிச்சுக் காட்டுல தூவுதாவ, அண்ணாச்சி. காத்துல உள்ள அழுக்கை அது இழுத்துக்கிடுமாம்."

பஸ் போய்விட்டது. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம், அவளுக்கு வைத்த வேலுத்தாய் என்ற பெயர் உட்பட, நான் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாறை மண்ணாவதற்கு எத்தனை யுகம் ஆகும் என்று வேலுத்தாய்க்குத் தெரியும், ஏனென்றால்—'

தெரியாது. அவளுக்கு எப்படித் தெரியும்? அதை விட்டுவிட்டேன்.

வேலுத்தாய்க்கும் தங்கை பெத்தம்மாளுக்கும் அப்பா விட்டுப்போனது ஒரே துண்டு மானாவாரி நிலம். ஆண்பிள்ளை இல்லாத வீடு. பெத்தம்மாள் விளாத்திகுளத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். அக்கா உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு உளுந்தும் பருத்தியும் போட்டு, விளைந்ததில் பாதியைத் தங்கைக்கு அனுப்பிவந்தாள். நிலத்தைப் பிரிக்கவில்லை. ஆனால் வடக்கு மூத்தவளுக்கு, தெற்கு இளையவளுக்கு என்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னது இருவருக்கும் ஞாபகம் இருந்தது.

3

உமாதேவி கோவில்பட்டிக்காரி, கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள், ஒரு ஆராய்ச்சிக்காக நிலம் தேடி வந்தாள். (முதல் பிரதியில் உமாதேவியை ஆணாக எழுதியிருந்தேன். 'வீட்டுக்காரவியளக் கேளுங்க' என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் அடுப்படிக்குள் போய்விட்டாள். கதை அங்கேயே படுத்துக்கொண்டது.)

"மழை விழும்போது காத்துல உள்ள கரியமில வாயுவையும் கரைச்சுக்கிட்டுத்தான் விழுது. கல்லுத்தூள்ல பட்டா அந்த வாயு திரும்ப மேல போகாது, மண்ணோட தங்கிரும். பூமி சூடாவது கொஞ்சம் குறையும்" என்றாள் உமாதேவி.

"நாங்க காலங்காலமா காட்டுல கெடக்க கல்லைப் பொறுக்கி வெளிய போடுதோம். நீங்க உள்ள கொண்டாந்து போடணுங்கிய."

"இது மாவு மாதிரி இருக்கும்மா. பயிருக்குச் சத்தும் கிடைக்கலாம்."

"கெட்டுப் போச்சுன்னா?"

"கெடாதுன்னுதான் நினைக்கேன்."

தன் நிலத்தைப் பற்றித் தன்னிடமே ஒருத்தி வந்து கேட்டது வேலுத்தாய்க்குப் பிடித்திருந்தது. சரி என்றாள்.

"பாதியில மட்டும் தூவணும், மத்த பாதியோட ஒப்பிட்டுப் பாக்கணும்லா. எந்தப் பாதியில தூவ?"

வேலுத்தாயின் கை தெற்கே நீண்டது.

4

இந்த இடத்தில் நெடுநாள் நின்றுவிட்டேன். தங்கை பங்கு செழிக்கட்டும் என்று நீண்ட கையா? கெட்டால் அவள் பங்கு கெடட்டும் என்று நீண்டதா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் வேலுத்தாய் பொய்யாகத் தெரிந்தாள். அவளுக்கே தெரியவில்லை என்று எழுதிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

யாரோ சொல்லி, விதைப்புக்கு முன்னாலேயே பெத்தம்மாள் வந்துவிட்டாள். சாம்பல் நிறத்தில் காலை வைக்காமல் வரப்பிலேயே நின்றாள்.

"எக்கா, எம் பங்குல மட்டும் ஏன் போட்ட?"

"நல்லதுன்னு சொன்னாவ."

"நல்லதுன்னா ஒம் பங்குல போடவேண்டியதுதான?"

"கை அங்கன போயிருச்சுட்டி" என்றாள் வேலுத்தாய்.

பெத்தம்மாள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினாள்.

5

அந்த வருஷம் மழை ஒரேயடியாகப் பெய்தது. தெற்கு தாழ்ந்த பாகம். தண்ணீர் கட்டி உளுந்தில் ஒரு பகுதி அழுகியது. மிச்சம் வடக்கைவிடத் தழைத்து நின்றது. நல்லதா, கெட்டதா? தினமும் காலையில் வரப்பில் நின்று பார்த்தாள் வேலுத்தாய். ஒரு நாள் கல்தூள் காப்பாற்றியதாகத் தோன்றியது. மறுநாள் அதுதான் அழுகவைத்ததாகத் தோன்றியது.

உமாதேவி மண்ணெடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகமும் தெளிவாக இல்லை.

"காத்துல இருந்து எடுத்துச்சா இல்லையா, டீச்சரம்மா?"

"எடுத்திருக்கணும். ஆனா கரிசல்ல ஏற்கெனவே சுண்ணாம்புச் சுக்கான்கல்லு நெறைய இருக்கு, அதுவும் மழையில கரைஞ்சு வாயுவைப் புடிக்கும். எது அதோட வேலை, எது கல்லுத்தூளோட வேலைன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியலம்மா. இன்னும் சில வருஷம் பாக்கணும்."

"அதுக்குள்ள எந்தங்கச்சிக்கு நான் என்ன சொல்ல?"



6

ஒரு முடிவில் தெற்கு அமோகமாக விளைந்து, தங்கை அழுதுகொண்டே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் நிலம் பாழாகி, இருவரும் கோர்ட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸில் அருகருகே உட்கார—

வேண்டாம். நடந்தது இதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

தை முடிவதற்குள், நிலத்தைப் பிரித்துவிடலாம் என்று பெத்தம்மாள் ஆளனுப்பினாள். சர்வேயர் தங்கசாமி அளவுச் சங்கிலியோடு வந்தார், கூடவே பெத்தம்மாளும். வேலுத்தாய் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்:

"தெக்க நான் எடுத்துக்கிடுதேன். நீ வடக்க எடுத்துக்க."

"ஏன்? இப்ப அது நல்லாருக்குன்னா?"

இந்தப் பக்கம் கையை நீட்டினாலும் குற்றம், அந்தப் பக்கம் நீட்டினாலும் குற்றம். "எனக்கு ஒண்ணுமே தெரியலட்டி" என்றாள் வேலுத்தாய். அவள் வாயிலிருந்து வந்ததில் இது ஒன்றுதான் முழு உண்மை.

பெத்தம்மாள் தங்கசாமியிடம் திரும்பினாள்.

"வடக்கு தெக்கா வேண்டாம், அண்ணாச்சி. கெழக்கு மேக்காப் பிரிங்க. கல்லுத்தூள் விழுந்ததும் விழாததும் ரெண்டு பேருக்கும் இருக்கட்டும்."

அக்காவை நம்பாமல் சொன்னாளா, அந்தக் கேள்வியிலிருந்து அக்காவை இறக்கிவிடச் சொன்னாளா? இரண்டுக்கும் ஆளுக்கொரு பத்தி எழுதினேன். இரண்டும் பொருந்தின. இரண்டையும் எடுத்துவிட்டேன்.

சங்கிலியின் ஒரு முனை பெத்தம்மாள் கையில் இருக்கிறது. மறுமுனை மண்ணில் கிடக்கிறது. அதை எடுக்க வேலுத்தாய் குனிகிறாள். என்ன மனதோடு அவள் நிமிர்கிறாள் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவள் முகம் தெரியவில்லை.