தேய்த்த ஓடுகள்

ஓடையில் பாசி மண்டியதற்கு அண்ணனின் நாற்றுப்பண்ணைதான் காரணம் என்று ஊரே வாய் வலிக்கப் பேசியது. பண்ணையிலிருந்து வழியும் தண்ணீரில் உரம் கலந்திருந்தது உண்மை. சாலையை அகலமாக்க நகராட்சி கரை மரங்களை வெட்டித் தள்ளியதும் உண்மை. அதைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடவில்லை. பண்ணையை மூடுவதா வேண்டாமா என்று விசாரணை வைத்தார்கள்.

நான் நீர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். பாசி வளர உரம் மட்டும் போதாது, வெளிச்சமும் வேண்டும். பண்ணையைத் தாண்டி ஓடை கீழே ஓடும் இடத்தில், மிச்சமிருந்த மர நிழலில் சில மண் ஓடுகளையும் வெட்டவெளியில் சில ஓடுகளையும் தண்ணீருக்குள் வைத்தேன். இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே தண்ணீர். நிழலில் இருப்பவை சுத்தமாகவும் வெயிலில் இருப்பவை பச்சையாகவும் வந்தால் பழியில் பாதி நகராட்சிக்குப் போகும். மரம் நட்டால் தீர்கிற விஷயம், பண்ணையும் பிழைக்கும். இதையெல்லாம் வீட்டில் விலாவாரியாகச் சொன்னேன். அண்ணி காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். என் போதாத காலம், அவர் காதில் விழுந்தது ‘பாசி’, ‘பண்ணை’ இரண்டும்தான்.

ஓடுகளை எடுக்கப் போன காலையில் பார்த்தால் எல்லாம் பளபளவென்று இருந்தன. கரையில் பாத்திரம் தேய்க்கும் நாரோடு அண்ணி உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுவிடாம தேச்சிட்டேன் தம்பி. இனி எவன் என்ன சொல்லுவான்?”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “ஐயோ அண்ணி! அந்தப் பாசிதான் அண்ணனைக் காப்பாத்தியிருக்கும். குடியக் கெடுத்தீங்களே!”

அவர் முகம் செத்துப் போயிற்று. நாரைக் கீழே போட்டுவிட்டு, “நிழல்ல இருந்ததுல தேய்க்க ஒண்ணுமே இல்ல தம்பி. வெயில்ல கிடந்ததுதான் கையை ஒடிச்சிடுச்சு” என்றார்.

நான் எதிர்பார்த்த முடிவு அதுவேதான். ஆனால் அதற்குச் சாட்சி அண்ணியைத் தவிர யாரும் இல்லை.

விசாரணையில் அவர் தானாகவே எழுந்து நடந்ததைச் சொன்னார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. மறுபடியும் ஓடு வையுங்கள், இந்த முறை காவல் போடுங்கள், அதுவரை பண்ணை நடக்கட்டும் என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

வெளியே வந்ததும் அண்ணி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேளை, பண்ணை தப்பிச்சுதுங்க.”

“அது இருக்கட்டும்” என்றார் அண்ணன். “ஓடையைக் கெடுத்தது நான்தான்னு நீ முடிவே பண்ணிட்டே, இல்ல? இல்லேன்னா எதுக்குத் தேய்க்கணும்?”

அண்ணிக்குப் பொய் சொல்ல வராது.

“ஆமாங்க.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். “நீ இவளைக் கூட்டிட்டுப் போடா. நான் நடந்து வர்றேன்.”