அந்த 'நாம'வுக்குள் யார்?

மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவர்களுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகாது. டிவியில் தினமும் பங்குச்சந்தை பற்றிப் பேசும் அந்த நிபுணர் போட்டிருப்பது பவர் இல்லாத வெறும் கண்ணாடி. அண்ணனிடம் சொன்னேன். "உனக்கு எதுலதான் குறை தெரியாது?" என்று டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

கடை அண்ணன், தங்கை எங்கள் இருவருக்கும் பொது. முன்னால் ஃபிரேம்களும் அண்ணனும் டிவியும். பின்னால் லென்ஸ் தேய்க்கும் அறையில் நான். கண் பரிசோதிக்கும் மெஷின் வாங்கச் சேர்த்த பணம் சும்மா கிடக்கிறதே என்று, அண்ணன் அதை ஒரு சிமெண்ட் கம்பெனியின் பங்கில் போட்டான். போட்ட நாளிலிருந்து அது இறங்குமுகம்தான். இதற்கிடையில் எதிர்க்கடைக்காரர் மெஷின் வாங்கிவிட்டார். ஜனங்கள் அங்கே கண்ணைக் காட்டிவிட்டு, கண்ணாடியையும் கையோடு அங்கேயே வாங்கிக்கொண்டு போனார்கள். எங்களிடம் வந்ததெல்லாம் திருகாணி கழன்ற கேஸ்கள். மெஷின் விற்கிறவரும் தள்ளுபடி இந்த வாரத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். பங்கை விற்றுத் தொலை என்றேன். அண்ணன் டிவியைக் காட்டினான்.

"அவரே வச்சிருக்காரு. நாம மட்டும் பயந்து ஓடணுமா?"

"அவரு வச்சிருக்காருன்னு யாரு சொன்னா?"

"அவரேதான். 'நாம பொறுமையா இருக்கணும்'னு சொல்றாருல்ல? 'நீங்க'ன்னா சொல்றாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால், அட, அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று தோன்றியது.

அன்றிலிருந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்துக் கேட்டேன். வேடிக்கையாக இருந்தது. ஒரு பங்கு ஏறினால், "நாங்க அன்னைக்கே சொன்னோம்" என்பார். அந்த 'நாங்க'வில் பார்க்கிறவனுக்கு இடமே இல்லை. அதே பங்கு இறங்கினால், "நாம கொஞ்சம் காத்திருக்கலாம்" என்று தோளில் கைபோட்டுச் சேர்த்துக்கொள்வார். அதலபாதாளத்துக்குப் போய்விட்டதா, "நீங்கதான் யோசிச்சு முடிவெடுக்கணும்." போன் செய்கிறவர்கள் பாவம். எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்று டாக்டர் மாதிரி அக்கறையாகக் கேட்பார். என்ன விலை சொன்னாலும் மருந்து ஒன்றுதான், பொறுமை. "போன மாசம் நீங்கதான் சார் வாங்கச் சொன்னீங்க" என்று யாராவது ஆரம்பித்தால் லைன் கரகரக்கும், விளம்பரம் வந்துவிடும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் எரிச்சலைவிட ஆவல் பெரிதாகிவிட்டது. அந்த 'நாம'வுக்குள் இந்த மனிதர் இருக்கிறாரா, இல்லையா?

அண்ணனுக்குத் தெரியாமல் அந்த நிகழ்ச்சிக்குப் போன் போட ஆரம்பித்தேன். கிடைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை, அவன் ஒரு பெரியவரின் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தபோது, திடீரென்று என் காதில், "வணக்கம், சொல்லுங்கம்மா" என்றது நிபுணரின் குரல். தடுமாறிப் போய்ப் பங்கின் பெயரைச் சொன்னேன்.

"நல்ல கம்பெனிம்மா. நாம அவசரப்படக் கூடாது. நாம இன்னும் ரெண்டு வருஷம்..."

"ஒரு நிமிஷம் சார். அந்த 'நாம'ல நீங்க இருக்கீங்களா?"

"புரியலையேம்மா."

"இந்தப் பங்கு உங்ககிட்ட இருக்கா?"

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன், நேராகத்தான் பதில் சொன்னார். "எங்கிட்ட ஒண்ணுகூட இல்லம்மா. இங்க பேசுற பங்கை நான் வாங்கக் கூடாதுன்னு சேனல்ல விதி இருக்கு. நாமன்னா... பார்க்கிற நேயர்கள்."

"அப்ப நீங்கன்னே சொல்லலாமே சார்?"

"நீங்கன்னா தள்ளி நிறுத்தின மாதிரி இருக்கும்மா."

உடனே லைன் போய்விட்டது.

ஜெயித்துவிட்ட தெம்போடு முன்பக்கம் வந்தேன். டிவியில் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் போலிருக்கிறது, "உங்ககிட்ட இருக்கா?" என்று என் குரல் அப்போதுதான் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியவர் என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் பதில் முழுவதையும் கேட்டான். பிறகு கடைசித் திருகாணியை முடுக்கி, துடைத்துக் கொடுத்து, பெரியவரை அனுப்பிவைத்தான். டிவியை அணைத்தான்.

"அவரும் இதுல மாட்டிக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன்" என்றான். "காலைல டிவியப் போட்டா, சரி, கூட ஒரு ஆள் இருக்காருன்னு ஒரு தெம்பு."

கேலிக்கென்று தயாராக வைத்திருந்த பேச்சை விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எவ்வளவுண்ணா போச்சு?"

சொன்னான். பாதிக்கு மேல் போயிருந்தது. விற்றால் புது மெஷின் வராது, யாராவது கழித்துப்போட்ட பழையதுதான் வரும். சுள்ளென்று கோபம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் போயும் விட்டது.

"பழசே வரட்டும். வித்துடு."

போனை எடுத்து அங்கேயே விற்றான். விற்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை நீ முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?" என்றான்.

"எங்க கேக்கறது? எத்தனை தடவை போட்டேன் தெரியுமா? இன்னைக்குத்தான் லைனே கெடைச்சுது."

"அவர்கிட்ட இல்ல" என்றான் அண்ணன். "எவ்வளவு போச்சுன்னு, என்கிட்ட."