எண் பொருந்திய போல்ட்

போலீஸ் அதிகாரி கொடுத்த காகிதப் பையிலிருந்து, துப்பாக்கிக் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை எடுத்து, தேவாலயச் சமையலறையின் ஜன்னல் வெளிச்சத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தாள் டார்லீன். அப்பாவின் பாதி முகத்தைக் கொண்டுபோன இரும்பு அது. சனிக்கிழமை, அவர் பிறந்தநாளன்று, கொல்லையில் சுட்டபோது துப்பாக்கி பின்பக்கமாக வெடித்தது. கிழவன் தோட்டாவில் வெடிமருந்தைக் கூடுதலாகத் திணித்துவிட்டான் என்று ஊரே பேசியது. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த அறையில், அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு வைத்த பன்றித்தொடைக் கறியைத் தட்டில் குவித்தபடி ஓட்டிஸ் மாமா அப்பாவைப் பற்றிச் சொன்னார்: "வெர்னன் இந்நேரம் சொர்க்க வாசல்ல நின்னு, கதவுக் கீல் ஒரிஜினலா, மாத்தினதான்னு தடவிப் பார்த்துக்கிட்டிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த ஜெர்மன் துப்பாக்கி அது. சரணடைந்தவர்கள் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும் போல்ட்டுகளை வேறு குவியலாகவும் போட்டார்கள். தாத்தா கைக்குக் கிடைத்த போல்ட்டைச் சொருகிக்கொண்டு வந்துவிட்டார். துப்பாக்கியில் ஓர் எண், போல்ட்டில் வேறு எண். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அசல் ஜோடி. சரியான எண்ணைத் தேடி அப்பா போகாத சந்தை இல்லை. கடைசியில் பிறந்தநாள் பரிசாக அதைக் கொண்டுவந்து நீட்டியவன் அவள் தம்பி க்ளைட்.

இப்போது லென்ஸில் தெரிந்தது. பழைய எண்ணை அராவிய இடம் குழிந்திருந்தது. புது எண்ணின் ஓரங்களில் பிசிறு நின்றது.

க்ளைட் உள்ளே வந்தான்.

"இந்த நம்பரை நீதானேடா அடிச்ச?"

"அப்பா சந்தோஷப்படட்டும்னுதான்க்கா..."

போல்ட்டைப் பிடித்திருந்த கையாலேயே அவன் வாயில் குத்தினாள். பல் உடைந்தது. மறுபடியும் குத்தினாள். அவன் அலமாரியில் மோதிச் சரிந்தான், தட்டுகள் விழுந்து நொறுங்கின. அவன் தடுக்கக்கூட இல்லை.

"வேற போல்ட் மாட்டினா, குழலோட சரியாப் பொருந்துதான்னு அளவு பார்க்காம சுட்டா வெடிக்கும்னு தெரியாதா? கொலைகாரா!"

"அப்பா எப்பவும் பார்ப்பாரேக்கா! அதை நம்பித்தான்..."

"பார்க்கலல்ல? அப்பவாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?"

"அவர் அழுதாரே. எப்படிச் சொல்றது?" இரத்தத்தைத் துப்பினான். "நிஜமாவே நம்பிட்டாராக்கா?"

ஓங்கிய கை நின்றது. பத்தடி தள்ளி நின்றே போலியைக் கண்டுபிடிக்கிற மனிதர் அப்பா. அன்று லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். பிறகு மகனை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். டார்லீன் நீட்டிய அளவுக் கருவியை வாங்கவில்லை. "சொந்த போல்ட்டுக்கு எதுக்கும்மா அளவு?" என்றார், க்ளைட்டைப் பார்த்தபடி.

இதைச் சொன்னால் போதும், தம்பி செத்துப்போவான். சொல்லத்தான் வாய் துடித்தது.

"நம்பிட்டாருடா," என்றாள்.

சத்தம் கேட்டு ஓட்டிஸ் எட்டிப் பார்த்தார். க்ளைட்டின் வாயைப் பார்த்தார், அவள் கையிலிருந்ததைப் பார்த்தார்.

"என்னம்மா, அதுல ஏதாவது கோளாறா?"

"ஒண்ணுமில்ல மாமா. அப்பாதான் மருந்தைக் கூடப் போட்டுட்டார்."

போல்ட்டைப் பையில் போட்டு மடித்தாள். வெளியே சவப்பெட்டி தூக்க ஆள் கூப்பிட்டார்கள். க்ளைட் எழுந்து நின்றான். சட்டையில் சொட்டியிருந்த இரத்தம் தெரியாதபடி, அவன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.