காலணிப் பலகை

குன்று ஒருபுறமும் கடல் மறுபுறமும் நெருக்க, இடையே கிடைத்த நிலத்தில் ஓட்டுக் கூரைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றிக்கொண்டு நின்றது அந்தக் கடற்கரை ஊர். கதிரவன் மேற்கே சாயத் தொடங்கிய அப்பொழுதில், குன்றேறிக் களைத்தவர்கள் ஒற்றையடிப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தனர். துடுப்புப் படகில் உப்பங்கழியைச் சுற்றி வந்தவர்கள் நனைந்த ஆடைகளைப் பிழிந்துகொண்டிருந்தனர். பறவை பார்க்க வந்தவர்கள் நாணல் ஓரத்தில் மூச்சடக்கிக் கிடந்தனர். ஆயினும் வந்தவர் அனைவரையும் இழுத்தது கடலுக்குள் கிடந்த கோட்டைத் தீவே. எந்த மன்னனோ பகைவருக்கு அஞ்சிக் கட்டிய அதன் நெடுஞ்சுவர்களைப் பகைவர் தொடவில்லை, கடலே தின்றுவிட்டது. எஞ்சியவை இடுப்பளவுச் சுவரும், எழுத்துத் தேய்ந்த கல்வெட்டுகளும், துறைப்படியில் படகு கட்டும் இரும்பு வளையமும்தாம். அழகிய ஊர்தான், படிப்பவரே. ஆனால் அழகு யாரையும் காப்பாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கடல் வற்றும் பொழுதில் கரைக்கும் தீவுக்கும் இடையே ஒரு மணல்திட்டு முதுகு காட்டும். அதன்மேல் நடந்தே போய்வரலாம். நீர் ஏறினால் மணல் மறையும். முழுநிலா நாளிலோ தீவின் சுவரும் மறையும். ஆகவே கரையில் ஒரு காவல்காரி இருந்தாள். ஈரமணலில் செருப்பு புதையும் என்பதால், போவோர் அனைவரும் அவளுடைய நீண்ட பலகையில் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டே இறங்குவர். அவள் தலைகளை எண்ணுவதில்லை. தலைகள் அங்குமிங்கும் அலையும், காலணிகள் வைத்த இடத்தில் இருக்கும் என்பது அவள் கணக்கு. நீர் ஏறத் தொடங்கியதும் மணியடிப்பாள். பலகை வெறுமையானால், ஓடக்காரராகிய தன் கணவரிடம் படகைக் கரையேற்றச் சொல்வாள். ஓர் இணை மிஞ்சியிருந்தாலும் படகு போகும்.

"செருப்பு இங்க இருந்தா ஆளு அங்க இருக்குன்னு அர்த்தம். கவலைப்படாம போயிட்டு வாங்க, விட்டுட்டுப் போக மாட்டோம்" என்று வருவோர் எல்லாரிடமும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். பல்லாண்டுகளாக அச்சொல் பொய்த்ததில்லை.

முழுநிலா நாளாகிய அன்று அப்பலகையில் காலணி வைத்தவர்களுள் இருவர் உடன்பிறந்தவர்கள். தாய் தந்தையர் இல்லாத வீட்டில் தங்கையை வளர்த்து ஆளாக்கியவள் அக்காள். சிறியதொரு தையற்கூடம் நடத்தினாள். அவள் துணி வெட்டுவாள், தங்கை தைப்பாள். சுண்ணக்கட்டியும் கத்தரிக்கோலும் மெழுகு தேய்த்த நூலும் இறைந்து கிடக்கும் வெட்டுமேடையின் இருபுறமும் இருவரது இளமையும் கழிந்தது. வாய்ச்சண்டை நாள்தோறும் உண்டு. சினம் மூண்டால் ஒருத்தி மற்றவளின் பொருளை எடுத்து ஒளித்து வைப்பது சிறு அகவையிலிருந்தே அவர்களுக்குள் வழங்கிய போர்முறை. சீப்பு, தலையணை, விரற்கவசம் எல்லாம் அவ்வாறு காணாமற்போய்த் திரும்பியவையே. கடலைப் பார்த்தே தீரவேண்டும் என்று தங்கை நச்சரித்ததால், வேலை குறைந்த ஒரு கிழமையில் அக்காள் கடைக்குப் பூட்டுப் போட்டாள்.

தீவின் சுவர்மேல் அமர்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில் தங்கை வாய் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே ஏதோ வம்பு இருக்கும். சொல்லு."

"வேற ஊர்ல ஒரு பெரிய தையல் கடையில வேலை கிடைச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன்."

"இதைச் சொல்லத்தான் என்னை நடுக்கடலுக்குக் கூட்டிட்டு வந்தியா?"

"வீட்ல சொன்னா கத்தரிக்கோலைத் தூக்கிட்டு வருவியே!" என்று தங்கை சிரித்தாள்.

அக்காள் சிரிக்கவில்லை. "போ, நல்லா இரு. நான் யாரு உனக்கு?" என்று எழுந்து மணல்திட்டில் இறங்கி நடந்தாள்.

"நான் அந்தப் பக்கம் பாறையெல்லாம் பாத்துட்டு வரேன்! அதுக்குள்ள கோவம் ஆறிரும் உனக்கு!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் பலகை நிறையக் காலணிகள் இருந்தன. அவற்றுள் தங்கையின் காலணிகள், அறுந்த வாரைத் தானே மெழுகுநூலால் தைத்துக் கொடுத்தவை, தன்னுடையவற்றை ஒட்டிக் கிடந்ததைக் கண்டதும் அக்காளுக்குச் சினம் தலைக்கேறியது. அவர்கள் தங்கியிருந்த விடுதி வரைக்கும் சரளைக் கல்லும் உடைந்த கிளிஞ்சலும். வெறுங்காலோடு நடந்து வரட்டும், அப்போது தெரியும் என் அருமை என்று எண்ணினாள். காவல்காரி சொன்னது காதில் விழுந்திருந்தது. சினம் ஏறிய மண்டையில் அது தங்கவில்லை. காவல்காரி யாருக்கோ கால் கழுவ நீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில், இரண்டு இணைகளும் பலகையைவிட்டு நீங்கின. ஒன்று காலில், ஒன்று பையில்.

விடுதி அறையில் கட்டிலோரம் பையை வைத்துக்கொண்டு, தங்கை நொண்டிக்கொண்டு வரும்போது என்ன சொல்லித் திட்டலாம் என்று அவள் ஒத்திகை பார்த்தாள். மணி ஒலித்தது, இதோ வந்துவிடுவாள் என்று கதவையே பார்த்தாள். தீவின் மறுபுறப் பாறைகளில் அலையின் இரைச்சல் அந்த மணியின் ஓசையை விழுங்கிவிடும் என்பதை அவள் எப்படி அறிவாள்? தூறல் தொடங்கியது. திட்டுவதற்குச் சேர்த்து வைத்த சொற்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து, அச்சம் மட்டும் எஞ்சியபோது அவள் கரைக்கு ஓடினாள்.

பலகை வெறுமையாய் நனைந்துகொண்டிருந்தது. படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது. மங்கிய வெளிச்சத்தில் தீவு கண்ணுக்குத் தெரியவில்லை.

"என் தங்கச்சி இன்னும் வரலீங்க."

"எல்லாரும் வந்தாச்சேம்மா. பலகையைப் பாருங்க, ஒண்ணு கூட இல்ல. கடைத்தெருவுல வேடிக்கை பாத்துட்டு நிப்பாங்க."

நான்தான் எடுத்தேன் என்னும் சிறுசொல் அக்காளின் பல்லிடுக்கு வரை வந்தது. நரை விழத் தொடங்கிய பெண், பிள்ளைபோல் செருப்பை ஒளித்து வைத்தேன் என்று அயலாரிடம் எப்படிச் சொல்வாள்? நாணம் அவள் நாவைக் கட்டியது.

"இருக்கும். அங்கதான் இருப்பா" என்றாள்.

கடைத்தெருவில் இல்லை. உப்பங்கழித் துறையில் இல்லை. குன்றடியிலும் இல்லை. ஓடக்காரரும் காவல்காரியும் நனைந்தபடி அவளோடு தெருத்தெருவாய் அலைந்தனர். அதற்குள் கடல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கடையின் முன் காவல்காரி நின்று கேட்டாள்: "என்ன நிறச் செருப்பும்மா போட்டிருந்தாங்க? இவங்களைக் கேட்டுப் பாக்கலாம்."

அக்காள் காவல்காரியின் கையைப் பற்றினாள். "செருப்பு என் பையில இருக்கு. நான்தான் எடுத்தேன். அவ வரவே இல்லீங்க."

"அடிப்பாவி! இதை முதல்லயே சொல்லக் கூடாதா!" என்று காவல்காரி அலறியபோது ஓடக்காரர் கடலை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தார்.

படகு சென்றடைந்தபோது தீவு இருந்த இடத்தில் அலைகள்தாம் புரண்டன. துறைப்படியின் இரும்பு வளையத்தில் மட்டும், கரையிலிருந்து பார்த்தால் தெரியும் பக்கமாக, தோள்துணி ஒன்று கட்டப்பட்டு நீருக்குள் அசைந்தது. தையற்காரி போடும் இரட்டை முடிச்சு அது. மறுநாள் காலையில் உப்பங்கழியின் நாணலுக்குள் அவளைக் கண்டெடுத்தனர்.

"மணல் மறையறதுக்கு முன்னாடி ஓடிப் பாத்திருக்கலாம்" என்றார் ஓடக்காரர், அக்காளின் முகத்தைப் பாராமல். "ஓடல. படகு வரும்னு துறையிலயே நின்னிருக்கு, பாவம்."

அன்பரே, சினத்தில் செய்த பிழைக்குக் கடல் சற்றே தவணை கொடுத்தது. நாணத்தில் அடக்கிய சொல்லுக்கு அது கொடுக்கவில்லை. ஊர் நீங்கும் முன் அக்காள் வெறுங்காலோடு சரளைப் பாதையில் நடந்து வந்து, அக்காலணிகளைப் பலகையில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். காவல்காரிக்கு அவற்றை அகற்றக் கை வரவில்லை. இப்போது அவள் தலைகளையும் எண்ணுகிறாள். ஆயினும் மாலைதோறும் எல்லாரும் திரும்பிய பின்னும் பலகையில் ஓர் இணை மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியிருந்தால் படகு போகவேண்டும் என்பது அவர்களது முறை. ஓடக்காரர் துடுப்பை எடுக்கிறார், துறைப்படியின் அருகே சற்றுப் பொறுத்து நிற்கிறார், யாரையும் ஏற்றாமல் திரும்பி வருகிறார்.